ஹாலேயில் மழை: பொறையார்க்காரனோடு ஒரு நாள்

இரண்டாம் நாள், திங்கள் இரவு, லைப்ஸிக், ஜெர்மனி

இன்று எழுத அதிகமில்லை. காலையில் தாமஸ் தேவாலயம் போய் இசையமைப்பாளர் பாக்கின் கல்லறையைப் பார்த்தோம். அவர் 1723 முதல் 1750இல் சாகும்வரை இங்கேதான் இசையாசிரியர். சாயங்காலம் நிக்கோலாய் தேவாலயம். 1989இல் திங்கள்தோறும் இங்கே பிரார்த்தனைக்குக் கூடியவர்கள்தான் பிறகு ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள், அந்த நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. நாங்கள் போனதும் ஒரு திங்கள்கிழமைதான்.

மற்றபடி ராத்திரி முழுக்க வாக்குவாதம், நாளைக்கு எங்கே போவது என்று. நாங்கள் நாலு பேர். கல்லூரி ஹாஸ்டலில் ஊர்ப்பெயர்தான் பெயர் என்பதால் இருபது வருடம் கழித்தும் சேலம் சேலம்தான், பொறையார் பொறையார்தான். சேலம் இங்கே லைப்ஸிக்கில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி பல் மருத்துவர், எங்களுக்கு டாக்டரம்மா. நான் நெதர்லாந்தில் ஐந்தோவனிலிருந்து வந்திருக்கிறேன். பொறையார் ஆபீஸ் வேலையாக ஃபிராங்க்ஃபர்ட் வந்தவன், நாலு நாள் லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

சேலத்துக்கு டிரெஸ்டன். எனக்குப் பக்கத்து ஊரான ஹாலேயின் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய வெண்கலத் தட்டு, நெப்ரா வான்தட்டைப் பார்க்க வேண்டும். பொறையாரும் ஹாலேதான் என்றான், ஆனால் வேறு காரணம். "எங்க ஊருக்கு வந்த வெள்ளைக்காரர் படிச்ச இடம்டா. அங்க போகாம ஊருக்குப் போனா எங்கப்பா வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு."

இரண்டுக்கு ஒன்று. ஹாலே முடிவானது. வானிலையைப் பார்த்த டாக்டரம்மா மட்டும், "அண்ணா, நாள் பூரா மழை காட்டுதே" என்றார். நான்தான் தைரியம் சொன்னேன். ஹார்ட்ஸ் மலை மறைப்பதால் ஜெர்மனியிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஹாலேயும் ஒன்று. வருடம் முழுக்கப் பெய்தாலும் சராசரி 500 மில்லிமீட்டர் போலத்தான். சென்னையில் 1,400 போலப் பெய்கிறது. இந்த ஊர் மழை நம்மை என்ன செய்துவிடும்?

மூன்றாம் நாள், செவ்வாய், ஹாலே

என்ன செய்தது என்று சொல்கிறேன்.

நம்மூர் மழை அடித்துப் பெய்யும், ஒரு மணி நேரத்தில் ஓயும், டீக்கடை ஓரம் ஒதுங்கினால் போதும். இங்கே ஓய்வதில்லை. குடை பிடித்தால் அவமானமாக இருக்கிறது, பிடிக்காவிட்டால் அரைமணியில் சட்டை ஒட்டிக்கொள்கிறது. காற்று வேறு பக்கவாட்டில். என் குடை ஹாலே ரயில் நிலைய வாசலிலேயே தலைகீழாக விரிந்து ஒரு கம்பியை இழந்தது. மிச்சம் நாள் முழுக்க ஒரு இறக்கை ஒடிந்த காக்காயைப் பிடித்துக்கொண்டு நடந்த மாதிரிதான்.

ரயிலைப் பற்றி ஒரு வரி. இங்கே வசிக்கும் இருவரிடமும் மாதாந்தரச் சீட்டு இருக்கிறது. எனக்கும் பொறையாருக்கும் மாநில நாள் சீட்டு வாங்கினோம். ஒரே சீட்டில் ஐந்து பேர்வரை போகலாம், ஆனால் வேலை நாட்களில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. சீட்டில் பெயரை நாமே பேனாவால் எழுத வேண்டும். பொறையாரின் முழுப்பெயர், அப்பா பெயரோடு, அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை. பரிசோதகர் அதைப் படிக்க முயன்று, சிரித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நிலையத்திலிருந்து டிராம் பிடித்துச் சந்தைச் சதுக்கம். 1891லேயே மின்சார டிராம் ஓடிய ஊர் இது. சதுக்கத்தில் இறங்கியதும் ஐந்து கோபுரங்கள், எல்லாவற்றின் தலையும் மேகத்துக்குள். தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம் 84 மீட்டர், உள்ளே 76 மணிகள். மற்ற நாலும் ஒரே தேவாலயத்தின் கோபுரங்கள். அதற்கு ஒரு கதை உண்டு. முன்பு இங்கே முதுகோடு முதுகாக இரண்டு தேவாலயங்கள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் இரண்டின் உடலையும் இடித்துவிட்டு, கோபுரங்களை மட்டும் அப்படியே விட்டு, நடுவே ஒரே கூடமாகக் கட்டிவிட்டார்கள். இரண்டு வீட்டுத் திண்ணையை வைத்துக்கொண்டு நடுவில் மாடி வீடு எழுப்பிய மாதிரி. ஒரு ஜோடிக் கோபுரம் ஒல்லி, கூர்மை. இன்னொரு ஜோடி குண்டு, இரண்டுக்கும் நடுவே உயரத்தில் ஒரு பாலம். நெருப்புக்குக் காவல் இருந்தவர் குடியிருந்த கோபுரங்கள் அவை.

உள்ளே மதச் சீர்திருத்தக்காரர் லூதரின் மரண முகமூடி இருக்கிறது. 1546இல் ஐஸ்லேபனில் இறந்தவரை விட்டன்பெர்க் கொண்டுபோகும் வழியில் ஓர் இரவு இங்கே வைத்திருந்தார்கள். மெழுகு முகத்தோடு கைகளும் உண்டு. டாக்டரம்மா கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டை விரலைப் பாருங்க, எழுதி எழுதிக் காய்ச்சவர் கை" என்றார். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

இசையமைப்பாளர் ஹேண்டலுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இங்கேதான். 1685இல் பிறந்தது பக்கத்துத் தெருவில். சதுக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை, மூக்கு நுனியில் மழைத்துளி தொங்கியபடி. 1702இல் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் அடுத்த வருடமே ஹாம்பர்க் போய்விட்டார். அதே 1703இல் புல்ஸ்நிட்ஸ் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு நோயாளிப் பையன் இங்கே படிக்க வந்து சேர்ந்தான். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஒருவர் லண்டன் போய்ப் பெரும் புகழ் அடைந்தார். இன்னொருவர் தரங்கம்பாடி போய் 36 வயதில் செத்தார்.

ஹாலே என்றாலே உப்பு. பழைய காலத்தில் உப்புநீர்க் கிணறுகளை நம்பித்தான் ஊர் பிழைத்தது. இங்கே ஒரு கேலிப் பேச்சு உண்டாம்: ஹாலேயில் மூன்று வகை ஆட்கள். ஊரில் பிறந்தவன் ஹாலென்ஸர், உப்புக் காய்ச்சுகிறவன் ஹலோரன், மிச்சப் பேரெல்லாம் ஹலுங்கன். ஹலுங்கன் என்றால் போக்கிரி. சேலம் இதைச் சொல்லிவிட்டு எங்கள் மூவரையும் பார்த்து, "வாங்க போக்கிரிகளா, சாப்பிடப் போவோம்" என்றான். சரி, போனோம்.

சாப்பாட்டுக் கடையில் ஒரு விபத்து. பெயர் வேண்டாம். டாக்டரம்மா சைவம். பருப்பு சூப் என்று எழுதியிருந்ததை நம்பிச் சொன்னார். புளி போடாத சாம்பார் மாதிரி வாசனையாக வந்தது. மூன்றாவது கரண்டியில் ஒரு இறைச்சித் துண்டு. கேட்டால், "அது சும்மா ருசிக்கு" என்றார்கள். பாவம், ரொட்டியும் வெண்ணெயும்தான் அவர் மதியச் சாப்பாடு. எங்களுக்கு வந்த சோல்யான்கா பிரமாதம். ரஷ்யாவிலிருந்து கிழக்கு ஜெர்மனிக்கு வந்து, நாடே காணாமல் போன பிறகும் கடைகளில் நிலைத்துவிட்ட சூப் அது. ஊறுகாய் வெள்ளரி, தக்காளி, எலுமிச்சைத் துண்டு, தொத்திறைச்சி. புளிப்பும் காரமும் சேர்ந்து, ரசத்துக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை ஆகும்.

வெளியே வரும்போது மணி ஒன்றரை. ஐந்து மணிக்கு எல்லாம் மூடிவிடுவார்கள். நெப்ரா தட்டு ஊரின் வடக்குப் பக்கம், பொறையார் கேட்ட ஃபிராங்கே நிறுவனங்கள் தெற்குப் பக்கம். நனைந்த காலோடு இரண்டும் ஆகாது என்று சேலம் தீர்ப்புச் சொன்னான். 3,600 வருடப் பழசான வெண்கலத் தட்டு, 32 சென்டிமீட்டர், அதில் தங்கத்தால் சூரியனோ முழுநிலவோ ஒன்று, பிறை, நட்சத்திரங்கள். 1999இல் புதையல் திருடர்கள் தோண்டியது, 2002இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் வாங்குபவர் வேடம் போட்டு மீட்டது. அதற்காக வந்தவன் நான். பொறையாரின் முகத்தைப் பார்த்தேன். சரி, தெற்கே போகலாம் என்றேன். இதை அவன் எனக்குக் கடன்பட்டிருக்கிறான், எழுதி வைக்கிறேன்.

வழியில் தூண்கள் மேல் ஓடும் ஒரு பெரிய சாலை, கிழக்கு ஜெர்மனி காலத்தில் கட்டியது. அதன் அடியில் ஐந்து நிமிடம் மழை இல்லாமல் நின்றோம். ஊரிலேயே அசிங்கமான கட்டடம் அதுதான். அன்றைக்கு எங்களுக்கு அதைவிட அழகான இடம் தெரியவில்லை.

அதைத் தாண்டினால் ஃபிராங்கேயின் அநாதை இல்லம். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே இந்தப் பகுதியில் பாதிரியாராக இருந்தவர். 1695இல் அவர் உண்டியலில் அந்தக் காலக் காசில் 4 தாலரும் 16 குரோஷனும் மொத்தமாக விழுந்தன. நல்ல முதல் இது, இதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடலாம் என்றாராம். நம்மூரில் அந்தப் பணத்துக்கு ஒரு மைக் செட் வாடகை ஆகும். அவர் கட்டியது ஒரு சின்ன நகரம். பெரிய இல்லம், பள்ளிகள், அச்சகம், புத்தகக் கடை, மருந்துக் கடை. மருந்து விற்ற காசில்தான் பாதி நடந்தது என்று படித்ததும் டாக்டரம்மா முகத்தில் மதியத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. பின்புறம் நீளமான முற்றம், இருபக்கமும் மரச்சட்டம் தெரியும் ஆறு மாடிக் கட்டடங்கள், மழையில் கறுத்துப்போய். கிழக்கு ஜெர்மனி காலத்தில் இவையெல்லாம் இடிந்து விழும் நிலையில் இருந்தனவாம். 1990க்குப் பிறகு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இனி நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பொறையாருக்கு வாழ்நாள் குறை ஒன்று உண்டு. அவன் ஊர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்லூரியில் முதல் நாளே நான் கேட்டேன். "காரைக்காலுக்கு வடக்க." தெரியவில்லை. "தரங்கம்பாடி பக்கத்துல." ம்ஹூம். கடைசியில் "மாயவரம் பக்கம்" என்றான். இருபது வருடமாகச் சென்னையில் அவன் மாயவரத்துக்காரன்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட மாப்பிள்ளை ஊர் மயிலாடுதுறை என்றே அச்சாகியிருந்தது.

சீட்டுக் கொடுக்கும் மேசையில் ஒரு பாட்டி. எழுபது வயது இருக்கலாம், கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி. எங்களைப் பார்த்ததும், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். சேலம் லைப்ஸிக் என்றான். இல்லை, அதற்கு முன்னால் என்றார். இந்தியா. இந்தியாவில் எங்கே? பொறையார் வழக்கம்போலத் தயாராகச் சுற்றி வளைத்து, தென்னிந்தியா, சென்னைக்குத் தெற்கே, கடற்கரை என்று ஆரம்பித்தான். பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ட்ராங்கெபார்?"

தரங்கம்பாடியை ஐரோப்பியர்கள் சொல்லும் பெயர். எங்கள் மூவருக்கும் சிரிப்பு. இவன் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான், சின்னப் பையன் மாதிரி. பாட்டி எழுந்து வந்து அவன் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் எங்களை மறந்துவிட்டு அவனிடமே பேசிக்கொண்டு போனார், அவனுக்கு ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது என்பதையும் மறந்து. சேலம் மொழிபெயர்க்கத் திணறினான்.

இவர்களுக்கு அந்த ஊர் தெரியாமல் எப்படி இருக்கும்? டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் தன் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மதம் பரப்ப ஆள் அனுப்ப நினைத்தபோது போனவர்கள் ஹாலேயில் படித்த சீகன்பால்குவும் புளூட்ஷாவும். 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பலேறி 1706 ஜூலை 9ஆம் தேதி இறங்கினார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர் சீகன்பால்கு. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களை ஹாலேயில் 1710 முதல் அச்சிட்டு ஐரோப்பா முழுக்க அனுப்பினார்கள். சென்னைக்காரனுக்குத் தெரியாத தரங்கம்பாடி இங்கே முந்நூறு வருடமாக வீட்டுப் பெயர்.

இல்லத்தின் உச்சி மாடியில் அதிசயப் பொருள் அறை. இது ஒரு காலத்து அருங்காட்சியகம். 1741இல் அடுக்கி வைத்த முறையிலேயே இன்றும் இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. கிளிஞ்சல், பவளம், எலும்பு, செருப்பு, கோள்கள் சுற்றும் ராட்சத மாதிரிகள். ஒவ்வோர் அலமாரியின் தலையிலும், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் ஓவியம். எழுதப் படிக்கத் தெரியாதவனும் எது எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். மரத்தரை கிறீச்சிட்டது. எங்கள் நால்வரின் ஈரக் காலடிகள் வாசலிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன. காவலாளி அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பொறையார் ஓர் அலமாரி முன் நின்றுவிட்டான். உள்ளே ஓலைச்சுவடி.

கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தான். மூச்சில் கண்ணாடி மங்கியது, சட்டைக் கையால் துடைத்தான், இன்னும் ஈரமாயிற்று. "படிடா" என்றேன். படிக்க முடிந்தால்தானே. புள்ளியே கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் வைக்கமாட்டார்கள். கால் எது ரகரம் எது என்று தெரியாது, இரண்டுக்கும் ஒரே கோடு. எகரமும் ஏகாரமும் ஒன்றுதான். வார்த்தைக்கு நடுவே இடைவெளியும் இல்லை, நம் வீட்டுக் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி எழுத்துகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பத்து நிமிடம் போராடி "வர" என்று ஒரு சொல் பிடித்தான். "வா" ஆகவும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. "வர்" ஆகவும் இருக்கலாம் என்றேன் நான். அதோடு விட்டுவிட்டோம்.

எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த கதை எழுத்தைப் பற்றியதுதான். தரங்கம்பாடியில் தமிழில் அச்சிட வேண்டும் என்று சீகன்பால்கு கேட்க, ஹாலேயில் தமிழ் அச்செழுத்து வார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், தமிழே தெரியாத கைகள், கடிதத்தில் வந்த மாதிரியைப் பார்த்து ஈயத்தில் வார்க்கின்றன. 1713இல் கப்பலில் போய்ச் சேர்ந்தது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரொம்பப் பெரிசு. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் எங்கே போவது? ஆகவே கூடப் போன அச்சுக்காரர்களில் ஒருவரான ஆட்லர் அங்கேயே சின்ன எழுத்து வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கித்தான் வார்த்ததாகச் சொல்வார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முடிந்தது.

இதை நான் சொல்லிக்கொண்டே வந்து, "வார்த்த இடம் எது தெரியுமா?" என்று நிறுத்தினேன்.

"பொறையார்" என்றான், திரும்பாமலே. "காகிதமும் அங்கதான் செஞ்சாங்க. எங்க ஊர்ல கடுதாசிப்பட்டறைன்னே ஒரு இடம் இருக்கு. நான் அது ஏதோ பழைய பேப்பர் கடைன்னு நெனச்சிட்டிருந்தேன், பத்தாவது படிக்கிற வரைக்கும்."

பெரிய எழுத்து வீணாகவில்லை. சீகன்பால்கு 1714இல் மலையப்பன் என்ற தமிழரோடு ஐரோப்பா கிளம்பி, கப்பலிலேயே லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716இல் ஹாலேயில் அச்சானது.

இதையெல்லாம் கேட்டு அவரைத் தூக்கி வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மதம் மாற்றத்தான் வந்தார், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் நம் தெய்வங்களைப் பற்றி, ஊர் ஊராகக் கேட்டுத் தடியாக ஒரு நூலும் எழுதி 1713இல் இங்கே அனுப்பினார். ஃபிராங்கேக்கு அது பிடிக்கவில்லை. ஒழிக்க அனுப்பினால் இங்கே கொண்டுவந்து பரப்புகிறாயா என்கிற கோபம். கையெழுத்துப் பிரதி கிடப்பிலேயே கிடந்து, 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. பொறையாரிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. தரங்கம்பாடி ராஜ வீதியில் அவர் சிலையைத் தாண்டித்தான் கடற்கரைக்குச் சைக்கிளில் போவானாம். "சிலையைச் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சிட்டுப் போவோம். அவ்வளவுதான் பழக்கம்."

நாலே முக்காலுக்கு விளக்கை அணைக்கத் தொடங்கினார்கள். மேடைத் திரைகள் மாதிரி வரிசையாக அலமாரி நிற்கும் 1728ஆம் வருட நூலகத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. கீழே பாட்டி ஒரு அஞ்சல் அட்டையை எடுத்துப் பொறையாரிடம் கொடுத்தார், காசு வாங்கவில்லை. எங்களுக்குக் கிடையாது. எனக்கு 1.80 யூரோ.

திரும்பும் ரயிலில் யாரும் பேசவில்லை. ஜன்னல் முழுக்க ஆவி. சேலம் ஹலோரன் சாக்லேட் உருண்டைகளைப் பிரித்தான், 1804இல் தொடங்கிய கம்பெனி, ஜெர்மனியின் மிகப் பழைய சாக்லேட் தொழிற்சாலை. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. டாக்டரம்மா ஒன்பது சாப்பிட்டார். மதிய சூப்புக்கு ஈடு என்றார்.

நான்காம் நாள், புதன் காலை, லைப்ஸிக்

வெயில்! மேகமே இல்லை. நேற்று மட்டும்தான் மழை போலிருக்கிறது. ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து ஹீட்டர் மேல் வைத்ததில் என்னுடையது காய்ந்துவிட்டது. சேலத்தின் ஷூ சுருங்கி வாய் பிளந்து கிடக்கிறது.

மதியம் எனக்கு ரயில். கிளம்புமுன் பொறையாரோடு தபால் பெட்டிவரை நடந்தேன். இந்தியாவுக்கு அட்டை அனுப்ப 1.25 யூரோ. அப்பாவுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன். காட்டமாட்டேன் என்றான். நேற்று அவன் சட்டைப் பையில் நனைந்து முகவரி கலைந்திருந்தது. தெருப்பெயர் போயிருந்தது, பொறையார் என்பதில் 'யார்' மட்டும் மிச்சம். பெட்டியின் மேலேயே அட்டையை வைத்து, என் பேனாவை வாங்கி, மறுபடி எழுதினான். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. "வழியா மயிலாடுதுறை" என்று கீழே சேர்க்கப் போனவன், பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு அட்டையைப் பெட்டிக்குள் போட்டான்.